முதல் பக்கத்தில் எழுதப்பட்ட கொலையாளியின் பெயர்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கொலை, திருமணத்தை மீறிய உறவு, நல்லவரா கெட்டவரா என்று தீர்மானிக்க முடியாத மனிதர்கள், கடைசியில் எல்லாவற்றையும் புரட்டிப்போடும் திருப்பம் ஆகியவை நிறைந்த உளவியல் மர்ம நாவல்களை அவர் இரண்டு ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறார். இப்போதெல்லாம் பாதியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது; தெரியாமல் போனாலோ எழுத்தாளர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருகிறது. சில நாவல்களில் கொலை செய்தவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனம் பதைக்கிறது. அதை நினைத்தால் கூச்சமாகவும் இருக்கிறது. 'இந்தக் கண்றாவியைப் படித்தால் புத்தி கெட்டுத்தான் போகும்' என்கிறார் வீட்டிலுள்ள மாமியார். இவற்றை எப்படிப் படிப்பது, தமிழில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பத்தொன்பது ஆண்டுகள் வாடகை நூல் நிலையம் நடத்தியவன் என்ற தகுதியில் இதற்குப் பதில் எழுதுகிறேன். என் கடையில் வாடகைக்குப் போன புத்தகங்களில் பாதிக்கு மேல் துப்பறியும் நாவல்களும் மர்ம நாவல்களும்தான். மாத நாவல்கள் தனித்தனியாக இருந்தால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும் என்பதால், மூன்று நான்கைச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டி, ஒரே புத்தகமாக்கி வைப்போம். அப்படிப் போய்த் திரும்பும் புத்தகங்களில் ஒரு தொல்லை இருந்தது. யாரோ ஒருவர், முதல் பக்கத்தில் நாவலின் தலைப்புக்குக் கீழேயே, 'கொலை செய்தது டாக்டர்' என்று பென்சிலால் எழுதிவைத்துவிடுவார். கையெழுத்து ஒன்றேதான், ஆளை மட்டும் கடைசிவரை என்னால் பிடிக்க முடியவில்லை. மர்மக் கதை வாடகைக்கு விட்டவனால் அவ்வளவுகூடத் துப்பறிய முடியவில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

புத்தகம் திரும்பி வந்ததும் ரப்பரால் அழிப்பேன். ஆனால் அழிப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்ட பலர், பார்த்த பிறகும் அந்த நாவலை எடுத்துச் சென்று படித்து முடித்தார்கள் என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. சிலர் சில நாவல்களை அப்படி எடுக்க மறுத்தார்கள். வேறு சில நாவல்களை, முடிவு தெரிந்தும், இரண்டாம் முறையாகக்கூட எடுத்தார்கள். அந்த இரண்டு வகைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும். முதல் வகை நாவலில் ஒளித்துவைக்கப்பட்டிருப்பது ஒரு பெயர். அது தெரிந்த கணத்தில் மீதி எல்லாம் வெறும் காகிதம். இரண்டாவது வகையில் ஒளித்துவைக்கப்பட்டிருப்பது, இவ்வளவு நேரமும் நாம் யார் பக்கம் நின்றுகொண்டிருந்தோம் என்ற செய்தி. அதைப் பென்சிலால் முதல் பக்கத்தில் எழுதிவைக்க முடியாது.

இதை ஒரு வாக்கியத்தின் அளவில் காட்டிவிடுகிறேன். ஒரு நாவலைக் கொலையுண்டவரின் மனைவி தன் வாயால் சொல்லிக்கொண்டு போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'அன்று இரவு அவர் பத்து மணிக்கு வந்தார். நான் உறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் காபி போடும்போதுதான் அவர் சட்டையில் கறை இருந்ததைப் பார்த்தேன்.' விறுவிறுவென்று படிப்பவர் கறையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார். உறங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கணவன் வந்தது பத்து மணிக்கு என்று எப்படித் தெரிந்தது? யாராவது சொல்லித் தெரிந்திருந்தால், நம் வீட்டில் எந்தப் பெண்ணும் 'பத்து மணிக்கு வந்தாராம்' என்றுதான் சொல்லுவாள். கேள்விப்பட்டதைச் சொல்லுகிறேன், கண்ணால் கண்டதில்லை என்று ஒப்புக்கொள்வதற்குத் தமிழ் நமக்கு ஓர் 'ஆம்' கொடுத்திருக்கிறது. அந்த 'ஆம்' இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால், சொல்லுபவள் பொய் சொல்லுகிறாள், அல்லது விழித்திருந்தாள். நல்ல எழுத்தாளர் இதை முப்பதாம் பக்கத்தில் வைத்துவிட்டு முந்நூறாம் பக்கம் வரை வாய் திறக்காமல் இருப்பார்.

கதை சொல்லுபவரையே நம்ப முடியாத இந்த உத்தி உலக இலக்கியத்தில் மிகப் பழையது. ஆனால் 'நம்பத்தகாத கதைசொல்லி' என்ற கருத்துக்குப் பெயர் சூட்டி விளக்கியவர் அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத். அவருடைய நூல் 1961இல் வந்தது. இன்று நீங்கள் படிக்கும் நாவல்கள் பெரும்பாலும் இந்த ஒரு தூணின்மீதுதான் நிற்கின்றன. 2012இல் வெளிவந்த கிலியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' நாவலில் கணவன் ஓர் அத்தியாயமும் மனைவியின் நாட்குறிப்பு ஓர் அத்தியாயமுமாக மாறி மாறி வரும். 2015இல் வந்த பாலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' நாவலில் முதன்மையாகக் கதை சொல்லும் பெண் குடிப்பழக்கத்தால் நினைவு அறுந்து அறுந்து போகிறவள்; தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. முதலாவது நாவலில் சொல்லுபவர் எதை மறைக்கிறார் என்று கேட்க வேண்டும். இரண்டாவதில் சொல்லுபவருக்கு எது கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'ட்விஸ்ட் நாவல்' என்று விற்பது வியாபாரத்துக்குச் சரி, வாசகருக்குச் சரியில்லை.

மொழி சம்பந்தமாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழில் இத்தகைய நாவல் எழுதுவதில் உள்ள கஷ்டத்தை வாசகர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் கொலையாளி கதவைச் சாத்தினதாக எழுதும்போது ஆணா பெண்ணா என்று சொல்லாமல் தப்பித்துவிடலாம். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்: சாத்தினான், சாத்தினாள். 'சாத்தினார்' என்று மரியாதை கொடுத்தால் வயதும் அந்தஸ்தும் தெரிந்துவிடும். நம் மாத நாவல்களில் 'அந்த உருவம் மெல்ல நகர்ந்தது', 'கையுறை அணிந்த கை விளக்கை அணைத்தது' என்று ஏன் வந்துகொண்டே இருக்கிறது என்றால், படர்க்கையில் எழுதும்போது கொலையாளியை அஃறிணையாக்கினால் ஒழிய ஆணா பெண்ணா என்ற பாலை மறைக்க வழியில்லை என்பதால்தான். அதைக் கேலி செய்து சிரித்திருக்கிறோம். ஆனால் அது வேறு வழியின்றிப் பிறந்த உத்தி. பாலை மறைக்க இன்னும் நேர்த்தியான வழி தன்மையில் எழுதுவது. 'நான் கதவைச் சாத்தினேன்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆகவே ஒரு தமிழ் மர்ம நாவலில் இடையிடையே சாய்ந்த எழுத்தில் ஒரு 'நான்' தனியாகப் பேசத் தொடங்கினால், அதற்குள் மனத்தில் ஓர் ஆண் குரலை நீங்கள் பொருத்திவிட்டீர்களா என்று ஒரு கணம் சோதித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புகளில் இதே காரணத்தால் விபத்து நேர்வதுண்டு. மூலத்தில் முந்நூறு பக்கம் காத்த ரகசியத்தை மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் பக்கத்தில் ஒரு விகுதியில் போட்டு உடைத்துவிடுவார்.

ஏமாற்றப்பட்ட கோபம் பற்றி. அந்தக் கோபம் நூறாண்டுப் பழமை உடையது. 1926இல் அகதா கிறிஸ்டி எழுதிய ஒரு நாவலின் முடிவைக் கண்டு, இது விளையாட்டின் விதியை மீறியது என்று சிலரும், எல்லாத் தடயமும் கண்முன்னேதான் இருந்தது என்று வேறு சிலரும் சண்டை பிடித்தார்கள். நாவலின் பெயரை இங்கே எழுதமாட்டேன்; இன்னும் படிக்காதவருக்கு அதைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், இத்தகைய கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. இன்றைய உளவியல் மர்ம நாவலுக்கு அந்தப் பத்துக் கட்டளைகள் பொருந்தாது. இதில் பெரும்பாலும் துப்பறிபவரே கிடையாது. ஆனால் நேர்மை என்ற ஒன்று இதிலும் உண்டு. முடிவு தெரிந்த பிறகு முதல் ஐம்பது பக்கங்களைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் இப்போது வேறு பொருளில் உண்மையாக இருந்தால், எழுத்தாளர் உங்களை ஏமாற்றவில்லை, நீங்களே ஏமாந்தீர்கள். ஒரு வாக்கியமாவது எந்தப் பொருளிலும் உண்மையாக நிற்காவிட்டால் உங்கள் கோபம் நியாயமானது, அந்தப் புத்தகத்தை எடைக்குப் போடலாம். இரட்டைப் பிறவி, கடைசி அத்தியாயத்தில் முதல்முறையாக வரும் பழைய காதலன், இருபது பக்கம் கழித்துக் கனவென்று தெரிவது முதலியவற்றை என் கடையில் நாங்கள் 'கடைசி பஸ்' என்போம்; வேறு வண்டி கிடைக்காததால் ஏறியது.

பாதியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது என்பதற்குக் காரணம் உங்கள் புத்திக்கூர்மை மட்டுமன்று என்றால் வருத்தப்படாதீர்கள். தொடர்ந்து முப்பது நாவல் படித்தவருக்குக் கதையின் தேவை தெரிந்துவிடும். கதைக்குத் தேவையே இல்லாமல் மூன்று முறை வந்துபோகும் பக்கத்து வீட்டுக்காரர், குறையே இல்லாத கணவன், ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்று ஒரு வரியில் முடிக்கப்பட்ட தோழி ஆகியோரைக் கண்டாலே சந்தேகம் வருகிறது. அது துப்பறிதல் ஆகாது, ஆள்குறைப்பு. ஆறு பேரில் ஐவரை நீக்குவது. மேலட்டையில் 'நீங்கள் எதிர்பாராத திருப்பம்' என்று அச்சடித்துவிட்ட பிறகு, எதிர்பார்க்கும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எஞ்சியதைச் சொன்னால் போதும், பாதி முறை சரியாக வரும். யார் என்று ஊகிப்பதை நிறுத்திவிட்டு, இதை யார், யாரிடம், எப்போது சொல்லுகிறார் என்று மூன்று கேள்விகளை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பு என்றால் யார் படிப்பதற்காக எழுதப்பட்ட நாட்குறிப்பு? வாக்குமூலம் என்றால் எதிரில் இருப்பது போலீஸா, வக்கீலா, டாக்டரா? எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் கழித்துச் சொல்லுகிறாரென்றால், தமக்குத் தெரிந்திருக்கும் முடிவை முதல் பக்கத்திலேயே ஏன் சொல்லவில்லை? இரண்டு மர்ம நாவல்களுக்கு நடுவே வேறு ஏதாவது ஒன்றைப் படிப்பதும் நல்லது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு கொலைக்கு ஒரு பயணக் கட்டுரை என்று கணக்கு வைத்திருந்தார்.

இனி அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என் மனத்தைத் தொட்டது அதுதான். கொலை செய்தவர் தப்பிக்க வேண்டும் என்று நீங்கள் பதைப்பது உங்கள் குணத்தில் உள்ள கோளாறால் வருவதன்று. ஒருவர் ஒரு காரியத்தைத் தொடங்கி, அது முடியுமா முடியாதா என்று தவிப்பதை நெருக்கத்தில் இருந்து பார்த்தால், காரியம் எதுவானாலும் மனம் அவரோடு சேர்ந்துகொள்ளும். ஹிட்ச்காக் 1960இல் எடுத்த 'சைக்கோ' படத்தில், பிணம் உள்ள காரைச் சதுப்பில் அமிழ்த்தும்போது அது பாதியில் ஒரு கணம் நின்றுவிடும். அரங்கில் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது அமிழ வேண்டுமென்று விரும்புவார்கள். பெட்ரீஷியா ஹைஸ்மித் 1955இல் படைத்த டாம் ரிப்ளி என்ற இளைஞன் கொலைகாரன், மோசடிக்காரன். ஆனாலும் கதவு தட்டப்படும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஹைஸ்மித் இதை மறைக்கவும் இல்லை, நம்மைத் திருத்தவும் இல்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்தில் நிறுத்திவைத்தார், அவ்வளவுதான்.

இதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், ராயபுரத்தில், நம் நகரமே ஒரு முறை இந்த இடத்தில் நின்றிருக்கிறது. ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். பாரிமுனைப் பகுதியில் பேனாக் கடை ஒன்றோடு சேர்ந்து பிளாஸ்டிக் பொருள் வியாபாரம் செய்துவந்த, தவணைக்குப் புடவையும் விற்ற ஆளவந்தார், 1952 ஆகஸ்ட் 28ஆம் தேதி காணாமல் போனார். மறுநாள், தனுஷ்கோடி நோக்கிப் போன இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் துர்நாற்றம் வீசியதால் மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல் இருந்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருடையவைதாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர் நிறுவினார். கொலை நடந்தது சிமெட்ரி சாலையில் ஒரு வாடகை வீட்டில். அங்கே குடியிருந்தவர்கள் புதிதாக மணமான ஓர் இளம் தம்பதியர். திருமணத்துக்கு முன் அந்தப் பெண்ணுக்கும், ஏற்கெனவே மணமானவரான ஆளவந்தாருக்கும் தொடர்பு இருந்தது. மணத்துக்குப் பிறகும் அவர் விடவில்லை என்பது வழக்கில் வெளிவந்தது.

1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில் ஜூரியோடு விசாரணை நடந்தது. ஒரு மனிதரைக் கொன்று, தலையை வெட்டிக் கடலில் எறிந்து, உடலைப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றியவர்களுக்குக் கிடைத்த தண்டனை கணவருக்கு ஏழாண்டு, மனைவிக்கு மூன்றாண்டு. தூக்கு இல்லை, ஆயுள் இல்லை. இறந்தவரின் நடத்தையே அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. ஊர் மக்களில் கணிசமானோரின் இரக்கமும் தம்பதியர் பக்கம்தான் சாய்ந்திருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, வழக்கு முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்பும், கல்மண்டபம் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பேசிய கிழவர்கள் 'செத்தவன் யோக்கியனா?' என்று கேட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். நீதிபதி பஞ்சாபகேச ஐயரும் ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதியவர் என்பது இந்த வழக்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் ஒரு துணைச் செய்தி.

இப்போது இதை ஒரு நாவலாசிரியர் கையில் எடுக்கிறார் என்று வையுங்கள். அந்த இளம் மனைவி சொல்லுவதாக எழுதினால், பழைய உறவு ஒன்று மிரட்டலாக மாறிக் கதவைத் தட்டும் கதை கிடைக்கும். கணவன் சொல்லுவதாக எழுதினால், மணமான சில மாதங்களில் மனைவியின் கடந்த காலம் தெரியவருகிறவனின் கதை. அவன் கோபம் யார் மேல், இறந்தவர் மேலா மனைவி மேலா என்ற கேள்வி கடைசிவரை அசைந்துகொண்டே இருக்கும். இரண்டிலும் வாசகர் கொலையாளிகளோடு சேர்ந்து அந்தப் பெட்டியைத் தூக்குவார். மூன்றாவதாக ஒரு பெண் இருக்கிறார்: மாலைக்குள் திரும்பாத கணவரைத் தேடிக் கடைக்கு வந்து விசாரிக்கும் ஆளவந்தாரின் மனைவி. அவர் வாயால் அந்தக் கதையை எழுதினால், திண்ணைக் கிழவர்களின் முதல் கேள்வியே நாக்கில் ஒட்டாது. நடந்தது ஒன்றுதான், மூன்று நாவல்களிலும் ஒரு தடயத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. மாறுவது நாம் யார் தோளில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது மட்டுமே. நீங்கள் படிக்கும் நாவல்களில் கடைசியில் வரும் திருப்பம் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. ஒரு தோளிலிருந்து பிடுங்கி இன்னொரு தோளில் வைக்கிறது. அப்போது வரும் கூச்சம் அந்த நாவல் வேலை செய்ததற்கு அடையாளம், அதைத் துடைத்துப்போட வேண்டாம்.

முறைதவறிய உறவைக் கதையில் எப்படி வைக்கிறார்கள் என்பதைக் கொண்டும் நாவலை எடைபோடலாம். நம் நாளிதழ்கள் 'கள்ளக்காதல்' என்ற ஒரு சொல்லில் விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றையும் முடித்துவிடுகின்றன. மாத நாவல்களில் பலவும் அந்தச் சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்டவை. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மனைவி வேறொருவனுக்குப் போன் செய்தால் எட்டாம் அத்தியாயத்துக்குள் அவள் பிணமாகிவிடுவாள், அவளைப் பற்றி யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டார்கள். கணவன் அதையே செய்தால் அவனுக்கு மன்னிப்புக் கேட்க ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படும். நான் அவற்றை விற்றுத்தான் சாப்பிட்டேன் என்றாலும் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்ததில்லை. சட்டம்கூட இந்த விஷயத்தில் இடம் மாறிவிட்டது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் செல்லாது என்றது. ஜேம்ஸ் எம். கெய்ன் 1930களிலேயே இதை வேறு விதமாக எழுதினார். அவருடைய 'டபுள் இண்டெம்னிட்டி'யில் ஒரு காப்பீட்டு முகவரும் ஒருவனுடைய மனைவியும் சேர்ந்து அவனைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். காமத்தைவிட, திட்டம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்ற பெருமிதம்தான் அந்த முகவரை இழுத்துச் செல்லுகிறது. இத்தகைய நாவல்களில் உறவு கொலைக்குக் காரணமாக மட்டும் நிற்பதில்லை. மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொய்கள் அதில்தான் பழகி முற்றுகின்றன.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் குண்டலகேசியை நினைவூட்டுங்கள். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அதன் பாடல்கள் சிலவே கிடைத்துள்ளன. கதை நீலகேசி உரையால் நமக்குத் தெரிகிறது. வணிகர் மகளான பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும் காளன் என்ற கள்வனைக் கண்டு காதலித்து மணக்கிறாள். ஊடலில் ஒரு நாள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளப் பார்க்கிறான். இறக்குமுன் உன்னை வலம்வந்து வணங்க வேண்டும் என்று சொல்லிப் பின்னால் சென்று, அவனை அவள் தள்ளிவிடுகிறாள். கணவனைக் கொன்ற அந்தப் பெண்தான் பிறகு பௌத்தத் துறவியாகி வாதங்களில் வெல்லும் காப்பியத் தலைவி. தற்காப்பா, பழியா, காதலின் எச்சமா என்று இன்றைக்கும் வகுப்பில் மாணவர்கள் சண்டை பிடிக்கலாம்.

மாமியாருக்குச் சொல்ல என்னிடம் நீண்ட வாதம் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கொலைகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். எடுத்துப் போனவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள், துறைமுகத் தொழிலாளிகள், பள்ளி ஆசிரியைகள். அவர்கள் செய்த ஒரே குற்றம் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பியதுதான். ஒரு விதிவிலக்கு உண்டு. துக்கமோ பெரிய சண்டையோ நடந்த வீட்டில், தூக்கம் வராமல் தவிக்கும் நாட்களில், யாரையும் நம்பாதே என்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் நாவலை இரவு பதினொன்றுக்கு மேல் படிக்காதீர்கள். அது புத்தி கெடுவது பற்றியதன்று. தூக்கம் கெடுவது பற்றியது.

எங்கே தொடங்குவது என்றால், சுஜாதாவின் 'ஆ..!' நாவலைச் சொல்லுவேன். தலைக்குள் குரல் கேட்கும் ஒருவனின் கதை. ஒவ்வோர் அத்தியாயமும் 'ஆ' என்ற ஒலியில் முடியும். அந்த விளையாட்டை ரசித்துக்கொண்டிருக்கும்போதே, இவனுக்குக் கேட்பதை நாம் நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி நம்மையும் பிடித்துக்கொள்ளும். படிப்பதற்கு நடுவில் 'அந்த நாள்' படத்தையும் பார்த்துவிடுங்கள். எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்தது, பாட்டே இல்லாதது. ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபரில் ஒரு ரேடியோ எஞ்சினியர் சுடப்படுகிறார். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி என்று ஒவ்வொருவர் வாயிலும் அந்த மனிதர் வேறு வேறாகத் தெரிவதைப் பார்த்தால், இந்த வகைக் கதையின் இலக்கணம் இரண்டரை மணி நேரத்துக்குள் பிடிபட்டுவிடும். அப்புறம் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய, ஆங்கிலத்தில் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' என்று வந்த ஜப்பானிய நாவல். கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார். என் பென்சில் ஆசாமிக்கு எழுதுவதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்காத நாவல். அதற்குப் பிறகும் கடைசியில் உங்களை உட்கார வைத்துவிடும். ரிப்ளியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடை மூடிய ஆண்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தைத்து வைத்த ஒரு தொகுப்பில், மூன்றாவது நாவலின் கடைசி ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், எப்போதோ கழன்று போயிருக்கிறது. எனக்குத் தெரியாமலே அது மூன்று ஆண்டுகளாக வாடகைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. ஓர் ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. இத்தனை பேர் ஏன் புகார் செய்யவில்லை என்று, நினைவில் இருந்த நாலைந்து பேரைக் கேட்டேன். மூன்று பேர் கதை அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆளைக் கொலையாளி என்று அடித்துச் சொன்னார்கள், அதற்கு ஆதாரமாகப் பக்கங்களையும் காட்டினார்கள். ஆதாரங்கள் எல்லாமே பொருந்தின. அச்சான முடிவை நான் பிறகு வேறொரு பிரதியில் படித்தேன். அந்த மூவர் சொன்னவற்றைவிட அது மட்டமாக இருந்தது.

பழைய மாத நாவல்கள் வேண்டுமானால் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போங்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக்காரர்கள் அங்கேதான் குடியேறினார்கள். வாங்கும்போது கடைசி ஃபாரம் இருக்கிறதா என்று பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள், ஆனால் வரிகளில் கண்ணை வைக்காதீர்கள். முதல் பக்கத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் கடைக்காரரிடமே கொடுத்து அழித்துத் தரச் சொல்லுங்கள்.